நகரத்துக்குச் சொந்தமான கம்பி

தூத்துக்குடி நகரத்துக்குச் சொந்தமானவை எவை என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினால் அது விரைவில் முடிந்துவிடும். முத்துநகர் என்று பெயர் பெற்ற ஊர் இது. ஆனால் முத்துப்பார்கள் ஒருநாளும் நகரத்தின் உடைமையாக இருந்ததில்லை. பாண்டியர், போர்ச்சுகீசியர், 1658-க்குப் பின் டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர் என்று ஆள்வோர் மாறினர். குளிப்பு எப்போது, யார் குளிப்பது, யாருக்கு எத்தனை பங்கு என்பதை அந்தந்த ஆட்சியே தீர்மானித்தது. 1961-ல் நடந்த கடைசிக் குளிப்பும் அரசாங்கத்தின் ஏற்பாடுதான். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் மத்திய அரசைச் சேர்ந்தது. 1979 முதல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவப்பட்ட 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அனல்மின் அலகுகள் மாநில மின்வாரியத்தின் கணக்கில் எழுதப்பட்டன. 2015-ல் வந்த இரண்டு 500 மெகாவாட் அலகுகள் நெய்வேலி நிறுவனமும் மாநில மின்நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனியுடையவை. 2006-ல் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட ஒளியிழைக் கம்பி, இருநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சொத்தாக இருந்தது.

முத்தும் மின்சாரமும் செய்தியும் இந்தக் கரை வழியாகவே போயின. அவற்றைக் கொண்டுசென்ற பாதையில் ஒரு முழம்கூட ஊருக்கு உரியதாக இல்லை. இது குறையா, இயல்பா? ஒரு நகரம் தன் வீடுகளுக்கு மின்சாரத்தையும் இணையத்தையும் தானே வழங்க முடியுமா? அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரம் வழங்குகிறது. நம் நாட்டில் எந்த நகரமும் இரண்டையும் சேர்த்து வீட்டுக்கு வீடு வழங்கியதாக நாம் அறியவில்லை. ஏன் என்று வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே ஆறு

தூத்துக்குடி நகராட்சி 1866-ல் ஏற்பட்டது. கடல் அருகிலும் குடிநீர் தொலைவிலுமாக இருந்த ஊர் அது. இந்நிலையை மாற்றியவராக இன்றும் நினைக்கப்படுபவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து (1869–1930). 1909-ல் நகராட்சித் தலைவரான அவர் பின்னர் பலமுறை அப்பதவியில் அமர்ந்தார். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழியே நகருக்குக் கொண்டுவரும் திட்டம் 1927-ல் நிறைவேறியது. கொண்டுவந்தது நகராட்சி, விநியோகித்ததும் வரி தண்டியதும் நகராட்சி. தண்ணீர் வராத தெருவில் மக்கள் கேள்வி கேட்க வேண்டிய இடமும் நகராட்சி மன்றமாகவே அமைந்தது.

அதே தாமிரபரணி, மேலே பாபநாசத்தில், வேறொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. ஹார்வி நிறுவனத்தார் 1880-களிலேயே அங்கே நீர்விசையைக் கொண்டு பஞ்சாலையை இயக்கினர். 1944-ல் அரசின் பாபநாசம் நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியது. பைக்காரா, மேட்டூர் திட்டங்களுக்குப் பின் சென்னை மாகாணம் கண்ட பெரிய நீர்மின் திட்டம் அது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி, மதுரைப் பக்கங்களுக்கு மின்சாரம் அங்கிருந்து வந்தது.

ஆறு ஒன்றுதான். ஆனால் அதன் நீர் நகராட்சியின் பெயரில் வந்தது. அதன் விசை அரசுத் துறையின் பெயரில் வந்தது. பதினேழு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. தண்ணீர் ஓர் ஊரின் காரியம், மின்சாரம் மாகாணத்தின் காரியம் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில்தான் உருப்பெற்றது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. ஒரு நகரம் தனக்கென்று டீசல் எஞ்சினை வைத்து ஓட்டினால் யூனிட் ஒன்றின் விலை ஏறும். பெரிய அணையில் பிறக்கும் மின்சாரத்தைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்தால் விலை இறங்கும். கிராமத்துக் கிணறுகளில் பம்புசெட்டும் ஓடும். தமிழகத்தின் கிராம மின்மயமாக்கம் இந்த அடித்தளத்தின்மேல்தான் எழுந்தது. அதை மறந்துவிட்டு நகராட்சி உடைமையைப் புகழ்வது நேர்மையாகாது.

வாங்கும் உரிமை

எனினும் நகராட்சிக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின்படி ஒரு தனியார் கம்பெனி உரிமம் பெற்று ஊருக்கு மின்சாரம் வழங்கலாம். உரிமக் காலம் முடியும்போது அந்த நிறுவனத்தை விலைகொடுத்து வாங்கும் முதல் உரிமை உள்ளாட்சிக்கு இருந்தது. கம்பெனி முதலீடு செய்யட்டும், பின்னர் ஊர் எடுத்துக்கொள்ளட்டும் என்பதே ஏற்பாடு. பம்பாயில் 1905-ல் தொடங்கிய மின்சார, டிராம் கம்பெனியை 1947 ஆகஸ்ட் 7 அன்று மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. ‘பெஸ்ட்’ என்று இன்று எல்லோரும் அறிந்த அமைப்பு அதுவே. பேருந்தும் மின்சாரமும் ஒரே நகர நிறுவனத்தின் கையில் இருப்பது நமக்குப் புதுமையாகத் தோன்றும். பம்பாய்க்காரர்களுக்கு அது பழகிய விஷயம்.

விடுதலைக்குப் பின் காற்று திசைமாறியது. 1948-ன் மின்சார வழங்கல் சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு வழிசெய்தது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் பிறந்தது. 1959-ல் பழைய சட்டம் திருத்தப்பட்டபோது வாங்கும் உரிமையின் வரிசை மாறியது. முதலில் மின்வாரியம், அது வேண்டாமென்றால் மாநில அரசு, அதற்கும் பிறகுதான் உள்ளாட்சி. முதலிடத்தில் இருந்த நகரம் மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. எந்தப் போராட்டமும் இல்லாமல், ஒரு பிரிவின் சொற்களை மாற்றியதன் மூலம் இது நடந்தது.

1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு உயிர் தந்ததாகச் சொல்வதுண்டு. அதன்படி சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில் பதினெட்டுப் பணிகள் உள்ளன. குடிநீர் அதில் இருக்கிறது. தெருவிளக்கு இருக்கிறது. மின்விநியோகம் இல்லை. விளக்கு ஊருடையது, அதற்குள் ஓடும் மின்சாரம் வேறொருவருடையது என்ற விநோதமான பாகப்பிரிவினை இது.

திருச்சூரின் கலகம்

இந்த ஓட்டத்தில் கரைந்துபோகாமல் நின்ற சில தீவுகளும் உண்டு. புதுடெல்லி நகராட்சி மன்றம் ஒன்று. மும்பையின் பெஸ்ட் இன்னொன்று. நமக்கு மிக அருகில் இருப்பது திருச்சூர். அதன் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார். தமிழிசை இயக்கத்தில் முன்னின்றவர்; பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். கொச்சித் துறைமுக வளர்ச்சியில் அவருடைய பெயர் மதிப்போடு சொல்லப்படுகிறது. அந்த நிர்வாகம்தான் 1936-ல் திருச்சூர் நகரின் மின்விநியோகத்தைத் தனியார் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்க முனைந்தது. ஊர் கொதித்தது. கடையடைப்பும் ஊர்வலமும் கூட்டங்களும் நடந்தன. டாக்டர் ஏ.ஆர். மேனன், இக்கண்ட வாரியர், சி.ஆர். இய்யுண்ணி போன்றோர் தலைமை தாங்கினர். கேரள வரலாற்று நூல்கள் இதை ‘மின்சாரக் கிளர்ச்சி’ என்றே குறிப்பிடுகின்றன.

கிளர்ச்சி உடனடியாக வெல்லவில்லை. கம்பெனியே விளக்கேற்றியது. ஆனால் வெளிச்சம் யாருடையது என்ற கேள்வி, ஆட்சி யாருடையது என்ற கேள்வியாக வளர்ந்தது. கொச்சியில் பொறுப்பாட்சிக்கான இயக்கம் வலுப்பெற்றதில் இக்கிளர்ச்சிக்கு இடமுண்டு. ஏ.ஆர். மேனன் சில ஆண்டுகளுக்குள் சமஸ்தானத்தின் மக்கள் அமைச்சரானார். 1957-ல் அமைந்த முதல் கேரள அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இக்கண்ட வாரியர் கொச்சியின் கடைசிப் பிரதமரானார். மின்விநியோகமும் பின்னர் நகராட்சியின் கைக்கு வந்து சேர்ந்தது. கேரளம் முழுவதும் மாநில மின்வாரியத்தின் கீழ் வந்தபோதும் பழைய திருச்சூர் நகராட்சி எல்லைக்குள் மாநகராட்சியின் மின்துறையே கம்பி இழுத்து, மீட்டர் பார்த்து, பணம் தண்டுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் வாரியம்.

வ.உ.சி.யின் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது தலா 25 ரூபாய் விலையுள்ள 40,000 பங்குகள் என்று திட்டமிட்டனர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான பாதை யாருக்கு உரியது என்பதே அன்றும் வழக்கு. பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908-ல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911-க்குள் சுதேசிக் கம்பெனி கலைந்தது. பாதையை வைத்திருப்பவன் புதிதாக வருபவனை எப்படி எதிர்கொள்வான் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

தந்திச் சட்டத்தின் நிழல்

இனி இணையத்துக்கு வருவோம். மின்சாரத்திலாவது நகரத்துக்கு ஒரு காலத்தில் கதவு திறந்திருந்தது. செய்திக் கம்பியில் அந்தக் கதவு தொடக்கத்திலேயே இல்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், தந்தி அமைக்கவும் இயக்கவும் அரசுக்கு மட்டுமே உரிமை என்று விதித்தது. பிறருக்கு அரசு உரிமம் தரலாம். 1857 நினைவிலிருந்து அகலாத ஆட்சி அது. செய்தி வேகமாகப் போகும் வழியைத் தன் கையிலிருந்து விட அது விரும்பாததில் வியப்பில்லை. தொலைபேசியும் வானொலியும் இணையமும் பிறந்தபோது அவையெல்லாம் ‘தந்தி’ என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கப்பட்டன. அரசியல் சட்டம் தொலைத்தொடர்பை மத்தியப் பட்டியலில் வைத்தது. மின்சாரத்தைப் பொதுப்பட்டியலில் வைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் வழங்கத் தொடங்கியது மத்திய அரசின் விதேஷ் சஞ்சார் நிகம். தனியாருக்கு 1998-ல்தான் வழி திறந்தது. 1885-ன் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டமும் உரிமையை மத்திய அரசிடமே வைத்திருக்கிறது.

சட்டத்தோடு பௌதிகமும் சேர்ந்துகொண்டது. செம்புத் தொலைபேசிக் கம்பியை உயர் அழுத்த மின்கம்பிக்குப் பக்கத்தில் இழுத்தால் தூண்டு மின்னழுத்தம் ஏறும். பேச்சில் இரைச்சல் கலக்கும். கம்பியைத் தொடுபவருக்கு ஆபத்தும் உண்டு. ஆகவே இரண்டும் விலகியே இருக்க வேண்டும் என்பது விதி. இதைப் பார்த்துக்கொள்ள மின்துறைக்கும் தொலைபேசித் துறைக்கும் இடையே ஒரு கூட்டுக்குழுவே செயல்பட்டது.

ஒளியிழை இந்த விரோதத்தை முடித்துவைத்தது. அது கண்ணாடி. மின்சாரம் அதைத் தீண்டாது. உயர் கோபுரங்களின் உச்சியில் இடிதாங்கியாக ஓடும் தரைக்கம்பிக்குள்ளேயே ஒளியிழையை வைத்துவிடலாம். தெருக் கம்பத்தில் மின்கம்பிக்குக் கீழே கட்டிவிடலாம். கம்பம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும் போகும் வழி இருக்கிறது. மாதக் கணக்கு எழுதும் அலுவலகமும் இருக்கிறது. மின்வழங்குநருக்கு எப்படியும் துணை மின்நிலையங்களோடு பேச ஒரு கம்பி தேவை. அந்தக் கம்பியில் மீதமிருக்கும் இழைகளை வீடுகளுக்குக் கொடுத்தால் என்ன? சாட்டனூகா செய்தது இவ்வளவுதான்.

டென்னசி ஆற்றங்கரை

சாட்டனூகாவின் மின்வாரியம் 1935-ல் தோன்றியது. ரூஸ்வெல்ட் காலத்து டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அணைகள் கட்டி மலிவாக மின்சாரம் விற்கத் தொடங்கியிருந்தது. நகர மக்கள் வாக்களித்துத் தங்களுக்கென ஒரு வாரியத்தை ஏற்றனர். தனியார் கம்பெனி நீதிமன்றம் போயிற்று, தோற்றது. 1939-ல் அதன் சொத்தை வாரியம் வாங்கியது. உற்பத்தி ஆணையத்துடையது, விநியோகம் நகரத்துடையது என்ற பிரிவினை அங்கே நிலைத்துவிட்டது. ஒரே ஆற்றின் பெரிய அணையும் ஊரின் சொந்தக் கம்பியும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பாபநாசத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருக்க முடியும்.

எழுபது ஆண்டுகள் கழித்து அந்த வாரியம் ஒளியிழை போட முனைந்தபோது பழைய நாடகம் மீண்டும் அரங்கேறியது. 2008-ல் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் வழக்குத் தொடுத்தது, தோற்றது. வாரியம் கடன்பத்திரம் வெளியிட்டது. 2009-ல் மத்திய அரசின் பொருளாதார மீட்புத் திட்டத்திலிருந்து 11 கோடி டாலருக்கும் மேற்பட்ட மானியம் கிடைத்தது. 2010 செப்டம்பரில் தன் எல்லைக்குள் எந்த வீடு கேட்டாலும் வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் இணையம் தரத் தயார் என்று அறிவித்தது. அந்நாட்டில் ஒரு நகரம் முழுவதற்கும் அந்த வேகம் அதுவே முதல்முறை. சுமார் 1,70,000 வீடுகளும் கடைகளும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

மின்சாரத்துக்கும் அதனால் நன்மை விளைந்தது. கம்பங்களில் பொருத்தப்பட்ட தானியங்கிச் சுவிட்சுகள் ஒளியிழை வழியே ஒன்றோடொன்று பேசின. புயலில் ஒரு மரம் விழுந்தால் பழுதான துண்டு மட்டும் விலக்கப்பட்டு, மற்ற தெருக்களுக்கு வேறுவழியில் மின்சாரம் திருப்பிவிடப்பட்டது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது சுமார் 28,000 ஏழை மாணவர்களின் வீடுகளுக்கு இலவச இணைப்புத் தரும் திட்டத்தை வாரியமும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கின. யாருடைய வீட்டில் இணைப்பில்லை என்ற கேள்வி அங்கே ஊரின் கேள்வியாக இருந்தது.

எல்லைக்கு வெளியே இருந்த கிராமங்களும் கேட்டன. மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. 2015-ல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதித்தது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துசெய்தது. திருச்சூரின் கம்பி பழைய நகராட்சி எல்லையில் நிற்பதைப்போல, சாட்டனூகாவின் கண்ணாடி இழையும் ஒரு கோட்டில் நின்றது.

எல்லா நகரங்களும் வெல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரம் கடன் வாங்கி ஒளியிழை போட்டது. வருமானம் கடனுக்குப் போதவில்லை. 2013-ல் அதை ஒரே ஒரு டாலருக்குக் கூகுளிடம் கொடுத்தது. வெர்மான்டின் பர்லிங்டனும் கடனில் மூழ்கிப் பின்னர் விற்றது. நகர உடைமை என்பது திறமைக்கு உத்தரவாதமன்று. தவறு நடந்தால் யாரிடம் கேட்கலாம் என்பதை மட்டுமே அது நிச்சயப்படுத்துகிறது. அதுவும் சிறிய விஷயமன்று.

நம் பக்கத்துக் கம்பங்கள்

இந்தியா இதற்கு நெருங்கிய ஒன்றை மாநில அளவில் செய்து பார்த்திருக்கிறது. கேரளத்தின் கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. மாநில மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப அடிப்படைக் கட்டமைப்பு நிறுவனமும் அதில் தலா 49 விழுக்காடு பங்குதாரர்கள். வாரியத்தின் கம்பங்களும் கோபுரங்களும் இழையைத் தாங்குகின்றன. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பும் இலக்கு. தமிழகத்தில் டான்ஃபினெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்க மின்கம்பங்களின் மேலேயே இழையைக் கொண்டுசென்றது. இரண்டிலும் கம்பமும் இழையும் மாநிலத்துடையவை. ஊருக்கு அங்கே இடம் வாடிக்கையாளர் வரிசையில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ-க்கும் மேல் மழை பெய்தது. தாமிரபரணி கரைமீறியது. மின்சாரம் போயிற்று, அதைத் தொடர்ந்து கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு, யார் மாடியில் இருக்கிறார்கள் என்று வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மின்சாரமும் செய்தியும் தனித்தனித் துறைகள் என்று சட்டம் சொல்லலாம். வெள்ளத்தில் அவை சேர்ந்தே போயின. கம்பி நகரத்துடையதாக இருந்திருந்தால் அறுந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தெருவுக்கு முதலில் திரும்ப வேண்டும், மருத்துவமனையா, நீரேற்று நிலையமா, கோபுரமா என்ற முடிவை எடுக்கும் மேசை எங்கே இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

தூத்துக்குடி 2008-ல் மாநகராட்சியாயிற்று. 2017-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது. அதற்கெனக் கம்பெனிச் சட்டப்படி ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டது. இணைய உரிமம் கேட்பதற்கு ஏற்ற வடிவம் அதுதான். ஆனால் அப்படிப்பட்ட நிறுவனங்களிடம் சாலையும் பேருந்து நிலையமும் பூங்காவும் கேட்கப்பட்டன, கம்பி கேட்கப்படவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைவே நமக்கு இல்லை. 1959-ல் வரிசை மாறியபோது உரிமையோடு அந்த நினைவும் போய்விட்டது என்றே தோன்றுகிறது.

குரூஸ் பர்னாந்து காலத்திலும் ஆறு தொலைவில்தான் இருந்தது; செலவு அதிகந்தான். குழாய் நகரத்துடையதாக இருக்க வேண்டுமா என்று அன்று யாரும் தயங்கியதாகத் தெரியவில்லை. தண்ணீரை அன்று எப்படிக் கருதினார்களோ, அப்படி மின்சாரத்தையும் இணையத்தையும் கருதத் தொடங்கினால், நகரத்தின் உடைமைப் பட்டியல் இன்னும் சற்று நீளும். அதற்கான கம்பங்கள் தெருவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கின்றன.